வீட்டிலிருந்து இணையவழி விற்பனை: ஜி.எஸ்.டி. பதிவு யாருக்குக் கட்டாயம்?

புதுதில்லி: உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவில், வீட்டின் ஓர் அறையில் தையல் இயந்திரம் வைத்துக் குர்த்திகள் தைத்து இணையவழியில் விற்கிறார் ஒருவர் என்று கொள்வோம். அவரது ஆண்டு விற்பனை 6 லட்சம் ரூபாய். சுமார் 800 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வாராணசிக்கு அவர் எத்தனை பார்சல்கள் அனுப்பினாலும் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு தேவையில்லை. ஆனால், சில நிமிடப் பயணத்தில் சென்றடையக்கூடிய கிழக்குத் தில்லியின் மயூர் விகாருக்கு ஒரே ஒரு பார்சல் அனுப்பினாலும் பதிவு கட்டாயமாகிறது.

"40 லட்சம் ரூபாய் வரை ஜி.எஸ்.டி. கிடையாது" என்ற பரவலான நம்பிக்கையுடன் இணையவழி விற்பனையில் இறங்குவோர் முதலில் தடுமாறும் இடம் இதுதான். அந்த நம்பிக்கை தவறானதல்ல. ஆனால் அது பாதி உண்மையே. எவ்வளவு விற்கப்படுகிறது என்பதைவிட, விற்ற பொருள் எந்த மாநிலத்துக்குச் செல்கிறது என்பதே சிறு விற்பனையாளரின் கடமையைத் தீர்மானிக்கிறது.

வரம்பும் அதன் விதிவிலக்குகளும்

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோது, ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டுவோர் பதிவு பெற வேண்டும் என்று விதிக்கப்பட்டது. மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து, திரிபுரா ஆகிய மாநிலங்களில் இந்த வரம்பு 10 லட்சம் ரூபாய். 2019 ஏப்ரல் 1 முதல், பொருள்களை மட்டும், அதுவும் தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் விற்போருக்கு வரம்பு 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. தெலங்கானா, புதுச்சேரி, உத்தரகண்ட் உள்ளிட்ட சில மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் இந்த உயர்வின் கீழ் வரவில்லை. சேவை வழங்குவோருக்கு எங்கும் இந்த உயர்வு இல்லை.

விற்றுமுதல் என்பது வங்கிக் கணக்கில் வந்து சேரும் தொகை அல்ல. விற்பனைத் தளம் தனது தரகையும் அனுப்பும் செலவையும் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பினாலும், வாடிக்கையாளரிடம் பெற்ற விற்பனை மதிப்பே கணக்கில் கொள்ளப்படும். ஒரே பான் எண்ணின் கீழ் நாடு முழுவதும் நடைபெறும் எல்லா விற்பனையும், வரிவிலக்குப் பெற்ற பொருள்களின் விற்பனை உட்பட, இதில் சேரும். ஒருவர் இரண்டு தளங்களில் இரண்டு பெயர்களில் கடை நடத்தினாலும் பான் எண் ஒன்றாக இருந்தால் கணக்கும் ஒன்றே.

இந்த வரம்பு பொருந்தாத இடங்களை மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24-ஆவது பிரிவு பட்டியலிடுகிறது. வெளிமாநிலத்துக்கு வரிக்குரிய பொருளை விற்பவர், விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும், பதிவு பெற வேண்டும் என்கிறது அது. பொருள் தளம் வழியாக விற்கப்பட்டதா, வாட்ஸ்அப் குழுவில் விற்கப்பட்டதா, சொந்த இணையதளத்தில் விற்கப்பட்டதா என்பது இங்கே பொருட்டல்ல. இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, யுபிஐ-யில் பணம் பெற்று, கூரியரில் புடவை அனுப்பும் இல்லத்தரசிக்கும் இதே விதிதான்.

எது வெளிமாநில விற்பனை என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. பதிவு பெறாத சாதாரண வாடிக்கையாளருக்கு விற்கும்போது, பில்லில் பதிவாகும் முகவரியே விற்பனை நடந்த இடமாகக் கருதப்படும். லக்னோவில் இருப்பவர் பணம் செலுத்தித் தில்லியிலுள்ள சகோதரிக்குப் பரிசு அனுப்பச் சொன்னால், பொருள் சென்று சேரும் முகவரியையே கொள்ள வேண்டும் என்று 2024-இல் மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் விளக்கமளித்தது. ஆகவே, பணம் உள்ளூரிலிருந்து வந்தது என்பதால் மட்டும் அது உள்ளூர் விற்பனை ஆகிவிடாது.

வரைபடத்தைப் பார்த்தால் இந்த விதி சில இடங்களில் விந்தையாகவே தோன்றும். புதுச்சேரி நகரில் இருப்பவர் அருகிலுள்ள கடலூருக்கு விற்றால் அது வெளிமாநில விற்பனை. கேரளக் கரையிலுள்ள மாஹேவுக்கோ ஆந்திரத்தின் நடுவிலுள்ள ஏனாமுக்கோ அனுப்பினால், ஒரே யூனியன் பிரதேசம் என்பதால், அது உள் விற்பனை. ஓசூரிலிருந்து பெங்களூருக்கு விற்பவருக்கும் இதே சிக்கல் உண்டு.

விதிவிலக்குகளும் இருக்கின்றன. வரியே இல்லாத பொருள்களை மட்டும் விற்பவர் எந்த மாநிலத்துக்கு அனுப்பினாலும் பதிவு பெற வேண்டியதில்லை. அச்சிட்ட புத்தகங்கள், குங்குமம், பொட்டு, கண்ணாடி வளையல், மண்பானை, களிமண் விளக்கு ஆகியவை அந்தப் பட்டியலில் உள்ளன. ஆனால் அதே கடையில் வரிக்குரிய பொருள் ஒன்றைச் சேர்த்தாலும் இந்தச் சலுகை போய்விடும். இணையவழியில் பாடம் நடத்துவோர், வடிவமைப்பு செய்து தருவோர் போன்ற சேவையாளர்கள் வெளிமாநில வாடிக்கையாளர்களுக்குப் பணியாற்றினாலும் 20 லட்சம் ரூபாய் வரை பதிவு தேவையில்லை. பொருள் விற்பவருக்கு மறுக்கப்படும் சலுகை சேவை விற்பவருக்குக் கிடைப்பது ஏன் என்ற கேள்வி நியாயமானதே.

கைவினைப் பொருள்களுக்கும் தனிச் சலுகை உண்டு. 2018 அக்டோபர் அறிவிக்கையின்படி, பட்டியலிடப்பட்ட கைவினைப் பொருள்களை நேரடியாக வெளிமாநிலங்களுக்கு விற்போர் 20 லட்சம் ரூபாய் வரை, சிறப்புப் பிரிவு மாநிலங்களில் 10 லட்சம் ரூபாய் வரை, பதிவின்றி விற்கலாம். பான் எண் இருக்க வேண்டும். பார்சலின் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் மின்வழிச் சீட்டு எடுக்க வேண்டும். முந்நூறு ரூபாய் மரப்பொம்மைக்கும் இது பொருந்தும். மற்ற வணிகர்களுக்குப் பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கே இந்தச் சீட்டு தேவைப்படுகிறது என்பதுடன் ஒப்பிட்டால், சலுகையோடு சேர்ந்து வரும் சுமை விளங்கும். மேலும், இந்தச் சலுகை நேரடி விற்பனைக்கானது. மின்வணிகத் தளம் வழியாக வெளிமாநிலத்துக்கு விற்பவரை இது காப்பாற்றாது.

தளங்களில் விற்போருக்கு 2023-இல் வந்த மாற்றம்

தொடக்கத்தில் சட்டம் இதைவிடக் கடுமையாக இருந்தது. பக்கத்துத் தெருக் கடைக்காரர் 39 லட்சம் ரூபாய்க்கு விற்றாலும் பதிவு வேண்டாம். ஆனால் மின்வணிகத் தளத்தில் தன் மாநிலத்துக்குள்ளேயே ஒரு பொருளை விற்பவருக்கும் பதிவு கட்டாயம். 2022 ஜூன் இறுதியில் சண்டீகரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 47-ஆவது கூட்டம் இந்தப் பாகுபாட்டை நீக்கப் பரிந்துரைத்தது. 2023 அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அதன்படி, விற்றுமுதல் வரம்புக்குள் இருப்பவர் தன் மாநிலத்துக்குள் மட்டும் தளங்கள் வழியாக விற்கப் பதிவு தேவையில்லை. ஆனால் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணையும் தொழில் நடைபெறும் முகவரியையும் அளித்து, ஒரு சேர்க்கை எண்ணைப் பெற வேண்டும். அந்த எண் கிடைக்கும் முன் விற்பனையைத் தொடங்கக் கூடாது. ஒரு மாநிலத்தில் மட்டுமே இந்த எண்ணைப் பெற முடியும். பின்னர் முறையான பதிவு பெற்றால் இந்த எண் காலாவதியாகிவிடும். இதற்குக் கட்டணம் இல்லை; மாதாந்தரக் கணக்குத் தாக்கலும் இல்லை.

இத்தகைய விற்பனையாளர் வெளிமாநில ஆர்டரை ஏற்க முடியாதபடி தடுக்கும் பொறுப்பு தளத்தின் மீது சுமத்தப்பட்டுள்ளது. தவறினால் 10,000 ரூபாய் அல்லது அந்த விற்பனைக்குரிய வரி, இவற்றில் எது அதிகமோ அந்தத் தொகையைத் தளம் அபராதமாகச் செலுத்த நேரிடும். சேர்க்கை எண் வைத்திருப்போரின் பொருள்கள் பிற மாநில வாடிக்கையாளர்களின் திரையில் தோன்றாததற்குக் காரணம் இதுவே. கோவாவிலோ சிக்கிமிலோ இருப்பவருக்கு இதன் பொருள் மிகச் சிறிய சந்தை. உத்தரப் பிரதேசத்திலோ மகாராஷ்டிரத்திலோ இருப்பவருக்கு அந்தச் சந்தையே போதுமானதாக இருக்கக்கூடும். ஒரே விதி, ஊருக்கு ஊர் வேறு பலன்.

பதிவு பெற்றால் என்ன ஆகும்?

பதிவு பெற்றுவிட்டால் லாபம் முழுவதும் வரியில் போய்விடும் என்ற அச்சம் சிறு விற்பனையாளர்களிடையே உள்ளது. ஒரு குர்த்தியைக் கொண்டே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

2025 செப்டம்பர் 22 முதல், 2,500 ரூபாய் வரையிலான ஆயத்த ஆடைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். வரி உட்பட 1,050 ரூபாய்க்கு ஒரு குர்த்தி விற்கப்படுகிறது எனில், அதில் வரி 50 ரூபாய். துணிக்கு 400 ரூபாயும் அதன்மீது 5 சதவீத வரியாக 20 ரூபாயும் ஏற்கெனவே செலுத்தப்பட்டுள்ளது. தளத்தின் தரகு 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதன்மீது 18 சதவீத வரி 27 ரூபாய். பதிவு பெற்றவர் இந்த 47 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம். கையிலிருந்து கட்ட வேண்டியது 3 ரூபாய் மட்டுமே. பதிவு பெறாதவர் அரசுக்கு எதுவும் கட்டுவதில்லை. ஆனால் அந்த 47 ரூபாயைத் திரும்பப் பெறவும் அவருக்கு வழியில்லை. துணி மலிவாகவும் உழைப்பு அதிகமாகவும் உள்ள பூத்தையல் போன்றவற்றில் கட்ட வேண்டிய வரி கூடும். என்றாலும், வரி இல்லாதவர் என்று எவரும் இல்லை என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

பதிவு பெற்றவர்களின் விற்பனையில் தளங்கள் இரண்டு தொகைகளைப் பிடித்துக்கொள்கின்றன. ஒன்று, ஜி.எஸ்.டி. சட்டப்படி மூலத்தில் வசூலிக்கப்படும் வரி. முதலில் 1 சதவீதமாக இருந்த இது 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மேற்கண்ட குர்த்தியில் இது 5 ரூபாய். மற்றொன்று வருமான வரிப் பிடித்தம். 2020 அக்டோபரில் தொடங்கிய இது 2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதமானது. அதாவது ஆயிரத்துக்கு 1 ரூபாய். பான் அல்லது ஆதார் எண் அளித்துள்ள தனிநபரின் விற்பனை ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாயைத் தாண்டாவிட்டால் இந்த இரண்டாவது பிடித்தம் இல்லை. இரண்டுமே விற்பனையாளரின் பெயரில் அரசிடம் சேரும் முன்பணம். உரிய படிவத்தைத் தாக்கல் செய்து கேட்டால் மட்டுமே அவை அவருடைய கணக்கில் வரவாகும். கேட்காமல் விட்டுவிடுவோர்தான் இழக்கிறார்கள்.

உண்மையான சுமை கணக்குத் தாக்கலில் இருக்கிறது. விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்குள் இருப்போர் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். விற்பனையே நடக்காத காலத்துக்கும் "விற்பனை இல்லை" என்று தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய், ஒவ்வோர் அறிக்கைக்கும் அதிகபட்சம் 500 ரூபாய் தாமதக் கட்டணம். பண்டிகைக் காலத்தில் மட்டும் விற்றுவிட்டு மற்ற மாதங்களை மறந்துவிடுவோருக்கு இந்த ஐந்நூறுகள் சேர்ந்துகொண்டே போகும். தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் பதிவே ரத்தாகலாம்.

மாநிலத்துக்குள் மட்டும் விற்போருக்கு இணக்க வரி எனப்படும் காம்போசிஷன் திட்டம் இன்னொரு வழி. பெரும்பாலான மாநிலங்களில் 1.5 கோடி ரூபாய் வரை விற்போர் விற்றுமுதலில் 1 சதவீதம் செலுத்தினால் போதும். 2023 அக்டோபர் முதல் இவர்களும் தளங்களில் விற்கலாம். ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, உள்ளீட்டு வரி வரவும் கிடையாது.

வீட்டு முகவரியும் ஆவணங்களும்

குடியிருக்கும் வீட்டையே தொழில் இடமாகக் காட்டலாம். அதற்குத் தனிக் கடை முகவரி தேவை என்று கூறுவோரை நம்ப வேண்டியதில்லை. சொந்த வீடாயின் சொத்துவரி ரசீது, மின்கட்டண ரசீது போன்ற ஏதேனும் ஓர் ஆவணம் போதும். வாடகை வீடாயின் வாடகை ஒப்பந்தமும், வீட்டு உரிமையாளரின் உரிமையைக் காட்டும் இத்தகைய ஆவணம் ஒன்றும் வேண்டும். வீடு கணவர், மாமனார் அல்லது வேறு உறவினர் பெயரில் இருந்தால் சாதாரணத் தாளில் எழுதிய ஒப்புதல் கடிதம், அவரது அடையாளச் சான்று, வீட்டு ஆவணம் ஆகியவை போதுமானவை. பட்டியலில் இல்லாத ஆவணங்களைக் கேட்டு விண்ணப்பங்களை இழுத்தடிக்கக் கூடாது என்று 2025 ஏப்ரல் 17-ஆம் தேதி வாரியம் தனது அதிகாரிகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. பெயரில் வீடில்லாத பெண்களே இத்தொழிலில் அதிகம் ஈடுபடுவதால், இந்த அறிவுறுத்தலின் நகலை விண்ணப்பதாரர் கையில் வைத்திருப்பது பயன்தரும்.

2025 நவம்பர் 1 முதல் எளிய முறையும் உள்ளது. பதிவு பெற்ற வணிகர்களுக்குச் செய்யும் விற்பனையின் மீதான வரி மாதம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டாது எனத் தாங்களே கருதுவோர், ஆதார் சரிபார்ப்புடன் மூன்று வேலை நாள்களில் பதிவு பெறலாம். அரசுக்குப் பதிவுக் கட்டணம் எதுவும் இல்லை. இடைத்தரகர்கள் கேட்கும் தொகை அவர்களது கூலி மட்டுமே.

பதிவு பெறும் கடமை ஏற்பட்ட 30 நாள்களுக்குள் விண்ணப்பிப்பது முக்கியம். அவ்வாறு விண்ணப்பித்தால், முந்தைய நாளில் கையிருப்பில் இருந்த சரக்கின் மீது செலுத்திய வரியையும் வரவாகப் பெறலாம். காலம் கடந்தால் அந்த வாய்ப்பு குறைவதுடன், பழைய விற்பனைக்கு வரி, வட்டி, குறைந்தது 10,000 ரூபாய் அபராதம் என்று தொகை ஏறும்.

இது வெறும் ஏட்டுச் சட்டம் அல்ல என்பதை 2025 ஜூலையில் கர்நாடகம் கண்டது. யுபிஐ வழியே 2021-22 முதல் பெறப்பட்ட தொகைகளை ஆராய்ந்த அம்மாநில வணிக வரித்துறை, வரம்பைத் தாண்டியதாகத் தோன்றிய சிறு வணிகர்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வரிவிலக்குள்ள காய்கறி விற்றவர்களும் அதில் அடங்குவர். பல கடைகளில் க்யூஆர் அட்டைகள் அகற்றப்பட்டன. வணிகர்களின் எதிர்ப்புக்குப் பின், பழைய நிலுவை வசூலிக்கப்படாது, ஆனால் உரியவர்கள் பதிவு பெற வேண்டும் என முதல்வர் சித்தராமையா அறிவித்தார். தளங்களில் விற்போரின் ஒவ்வோர் ஆர்டரும் முன்பே பதிவாகியிருப்பதால், அவர்களிடம் கேட்பதற்கு யுபிஐ தரவுகூடத் தேவைப்படாது. குடும்பச் செலவுக்கும் விற்பனைக்கும் ஒரே வங்கிக் கணக்கைப் பயன்படுத்துவோர், உறவினர் அனுப்பிய பணத்தையும் விளக்க வேண்டிய நிலைக்கு ஆளாகலாம்.

வரிக்கு அப்பால்

ஜி.எஸ்.டி. எண் தொழில் உரிமம் ஆகாது. எந்த உரிமம் தேவை என்பதை விற்கும் பொருளே தீர்மானிக்கிறது.

ஊறுகாய், கேக், மசாலாப் பொடி என்று உண்ணும் பொருள் எதை விற்றாலும், இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் பதிவு அல்லது உரிமம் வேண்டும். இதில் விற்றுமுதல் வரம்புக்குக் கீழே விலக்கு என்பது இல்லை. மிகச் சிறியவருக்கு உரிமத்துக்குப் பதிலாக எளிய பதிவு, அவ்வளவே. 14 இலக்க எண் இல்லாமல் தளங்கள் உணவுப் பொருளைப் பட்டியலிடுவதில்லை. பில்லிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

அதிகம் பேர் அறியாமல் சிக்கிக்கொள்வது சோப்பு விற்பனையில்தான். கையால் செய்த குளியல் சோப்பு, முகப்பூச்சு, கூந்தல் எண்ணெய் போன்றவை அழகுசாதனப் பொருள்கள். 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனச் சட்டம், 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள் ஆகியவற்றின்படி விற்பனைக்காக அவற்றைத் தயாரிக்க மாநில உரிம அதிகாரியின் உரிமம் தேவை. தயாரிப்பு இடத்துக்கு அவ்விதிகள் வகுத்துள்ள நிபந்தனைகளை ஒரு வீட்டுச் சமையலறை நிறைவேற்றுவது அரிது. எனவே, உரிமம் பெற்ற ஆலையில் தயாரித்துத் தங்கள் பெயரில் விற்பதே பலருக்கு நடைமுறை வழியாக உள்ளது.

பொட்டலமிட்டு விற்கும் எந்தப் பொருளிலும் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதம், புகார் தெரிவிக்கும் தொடர்பு விவரம் ஆகியவை இருக்க வேண்டும். பெரும்பாலான விவரங்கள் 2018 ஜனவரி முதல் விற்பனைத் தளத்தின் பக்கத்திலும் காட்டப்பட வேண்டும். தானே பொட்டலமிடுபவர் சட்டமுறை எடையளவுத் துறையில் பதிவு செய்துகொள்ளவும் வேண்டும். பொம்மைகளுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், கைவினைப் பொருள்கள் மேம்பாட்டு ஆணையரிடம் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.

கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மகாராஷ்டிரத்தில் இருபது பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள் இணையவழியில் தகவல் அளித்தாலே போதும். உத்யம் பதிவு இலவசம். கடனுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் உதவும். ஆனால் அது எந்த உரிமத்துக்கும் மாற்றல்ல.

வளர்ந்த விற்பனையாளரைக் காத்திருக்கும் சிக்கல் வேறொன்று. விரைவாகப் பொருளைச் சேர்ப்பிக்கத் தளத்தின் கிடங்குகளில் சரக்கை முன்கூட்டியே வைக்க வேண்டியுள்ளது. கிடங்கு உள்ள ஒவ்வொரு மாநிலத்திலும் தனிப் பதிவும் தனி முகவரியும் தேவை. நொய்டாவில் தைத்த குர்த்தியைப் பெங்களூருக் கிடங்கில் வைக்க, கர்நாடகத்திலும் அவர் பதிவு பெற்றாக வேண்டும். 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி முடிவெடுத்த ஜி.எஸ்.டி. கவுன்சிலின் 56-ஆவது கூட்டம், பல மாநிலங்களில் தளங்கள் வழியாக விற்கும் சிறு விற்பனையாளர்களுக்கு எளிய பதிவு முறை ஒன்றைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது. அதன் விரிவான நடைமுறைகள் கவுன்சிலின் முன் வைக்கப்படும் என்று அப்போது தெரிவிக்கப்பட்டது.